அந்த ட்யூப்பே குடுங்கண்ணே!

தோல் டாக்டர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருகிறார்? டி.வி.யில் கன்னத்தைத் தடவிக் காட்டிப் பளபளப்பு பற்றிப் பேசுகிறவர். வழுக்கையில் முடி நடுகிறவர். கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது பெண்ணை அழைத்துப்போய், 'கொஞ்சம் கலராக்கி விடுங்க டாக்டர்' என்று ஒப்படைக்கிற ஆள். பியூட்டி பார்லருக்குக் கொஞ்சம் மேலே, நிஜ டாக்டருக்கு ரொம்பக் கீழே. நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். வயிறு வலித்தால் ஸ்கேன் எடுக்கிறோம். தோலில் எது வந்தாலும் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறோம்.

இந்த அலட்சியத்துக்கு நாம் கொடுக்கிற விலை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு தோல் டாக்டரின் போர்டைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ்., எம்.டி. (டி.வி.எல்.) என்று இருக்கும். எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்று வருஷம் படித்து வாங்குகிற பட்டம். அதில் 'டி' தோல். 'வி' பால்வினை நோய். 'எல்' தொழுநோய். மூன்று எழுத்தில் இரண்டு, வெளியே சொல்லவே நாம் கூசுகிற நோய்கள். அரசு ஆஸ்பத்திரியில் 'தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு' என்று எழுதியிருக்கும் வாசலில் வரிசையில் நிற்க எத்தனை பேருக்கு மனசு வரும்? சொந்தக்காரன் எவனாவது பார்த்துவிட்டால்? அரிப்போடு வந்தவர் அந்தப் போர்டைப் படித்துவிட்டு அப்படியே திரும்பி மெடிக்கலுக்குப் போய்விடுகிறார். அழகுக் கிளினிக்குக்குப் போவதில் இல்லாத வெட்கம், ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போவதில் இருக்கிறது.

அந்த டாக்டருக்கு நிஜத்தில் என்ன வேலை என்று தெரிய, திண்டுக்கல்லை அவர் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும். நமக்கெல்லாம் அது பூட்டு ஊர், பிரியாணி ஊர். அவருக்கு அது வேறு ஊர்.

தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர் சுண்ணாம்பிலும் குரோமிய உப்பிலும் கை வைக்கிறார். பூட்டுக்கு முலாம் போடுகிறவர் நிக்கல் தண்ணீரில். கொத்தனார் சிமென்டில். சின்னாளபட்டியில் சாயம். நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டத்தில் பூச்சிமருந்து. வயல் வரப்பிலும் காலி மனையிலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் செடி, 1950-களில் வெளிநாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதைத் தொடக்கூட வேண்டாம். காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்து பட்டாலே சிலருக்கு முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று தடித்துக் கறுத்து, இரவெல்லாம் சொறிய வைக்கும். ஐம்பது வயது விவசாயி ஒருவர் முகம் முழுக்கக் கரப்பானோடு வந்தால் நல்ல தோல் டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால், 'காட்டுல களை இருக்காய்யா?' என்று கேட்பார். வெயில் காலத்தில் கூடுகிறதா, ஊருக்குப் போனால் குறைகிறதா என்று விசாரிப்பார். சந்தேகம் வந்தால் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வில்லை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, எந்தப் பொருள் வைத்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார். பேட்ச் டெஸ்ட் என்று பெயர். குரோமியம், நிக்கல், பார்த்தீனியம் மூன்றும் அந்த வரிசையில் உண்டு. சி.ஐ.டி. வேலைதான். நோயாளியிடம் 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்கச் சொல்லி இத்தாலி டாக்டர் ராமஸ்ஸினி 1700-லேயே புத்தகம் போட்டுவிட்டார். முந்நூறு வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் நம் கொத்தனார் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். சிமென்டில் இருக்கும் குரோமியம்தான் அந்தக் கைவெடிப்புக்கும் அரிப்புக்கும் பெரிய காரணம் என்று ஐரோப்பாவில் 2005 முதல் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடே கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, இந்த டாக்டரிடம் யார் வருகிறார்கள்? எப்போது வருகிறார்கள்? அங்கேதான் என் கோபம்.

போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்க நின்றிருந்தேன். இருபது வயசுப் பையன். மில் வேலை என்பது சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, போன தடவ குடுத்தீங்கள்ல, அரிப்புக்கு... அந்த ட்யூப்பே குடுங்கண்ணே" என்றான்.

"ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு குடுங்க. அம்மாவுக்கும் வந்துருச்சு."

அவ்வளவுதான். எங்கே அரிப்பு, எத்தனை மாசமாக, வீட்டில் வேறு யாருக்கு? ஒரு கேள்வி கிடையாது. சீட்டு கிடையாது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்தார். அந்த ட்யூப் இருக்கும் இடம் அவர் கைக்கு அத்தனை பழக்கம்.

அந்த ட்யூப்புக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகளின் கூட்டணி ஆட்சி. பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஒரு பலமான ஸ்டீராய்டு. மருந்து 'வேலை செய்கிறது' என்று நீங்கள் நினைப்பது அந்த ஸ்டீராய்டின் புண்ணியத்தில். படை வந்தால் ஏன் சிவக்கிறது, ஏன் அரிக்கிறது? பூஞ்சைக்கும் நம் உடம்புக்கும் நடக்கிற சண்டை அது. ஸ்டீராய்டு வந்து சண்டையை நிறுத்திவிடும். இரண்டே நாளில் சிவப்பு போச்சு, அரிப்பு போச்சு, 'ஆஹா என்ன மருந்துடா!' போலீஸை லீவில் அனுப்பிவிட்டுத் தெருவில் சத்தமே இல்லை என்று சந்தோஷப்படுகிற கதை. பூஞ்சை அமைதியாக உள்ளே குடித்தனம் பண்ணும். ட்யூப் தீர்ந்ததும் இரண்டு மடங்காக வெளியே வரும். இன்னொரு ட்யூப். அதுவும் தீர்ந்ததும் இடுப்பைச் சுற்றி, தொடை, முதுகு. வட்டம் வட்டமாக வரவேண்டிய படர்தாமரை இப்போது உருவமே மாறி, டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி வந்து நிற்கும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து பாளம் பாளமாகக் கோடு விழும். பிரசவத் தழும்பு மாதிரி. அந்தக் கோடு அழியாது.

ஒரு டவலை நாலு பேர் துவட்டுகிற வீடு. ஒரே அறையில் பத்துப் பேர் தங்கும் மில் விடுதி. வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் இறுக்கமான ஜீன்ஸ். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் 'அம்மாவுக்கும் வந்துருச்சு.' முன்பெல்லாம் படை என்றால் சில வாரத்தில் கட்டுப்படும் சமாசாரம். கடந்த பத்துப் பதினைந்து வருஷமாக இந்தியா முழுக்க மாதக் கணக்கில் மருந்து சாப்பிட்டும் போகாத படை பரவிக் கிடக்கிறது. டெர்பினாஃபின் என்ற முக்கியமான மருந்துக்கே பல பேரிடம் மசிவதில்லை. அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் விஞ்ஞானிகள் தனிப் பெயர் வைத்தார்கள்: டிரைகோஃபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே 'இண்டோ' இருக்கிறது, கவனியுங்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது வந்ததும் அமெரிக்கச் சுகாதாரத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. யோகா, தோசைக்கு அப்புறம் நம் தேசத்தின் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றுகிற அடுத்த சரக்கு! கண்ட கண்ட கலவை ட்யூப்பைத் தடவியது இதற்கு ஒரு காரணம் என்று தோல் டாக்டர்கள் வருஷக் கணக்கில் தொண்டை வறளக் கத்தி வருகிறார்கள்.

முகத்துக்கு வருவோம். அது இன்னும் கொடுமை.

1975-ல் அமெரிக்க டாக்டர் க்ளிக்மேன், மங்குக்கு மூன்று மருந்தைக் கலந்து ஒரு சூத்திரம் சொன்னார். ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. டாக்டர் கண்பார்வையில், குறைந்த காலத்துக்கு. நம் ஊரில் அதன் தம்பி தங்கைகள் 'கலர் க்ரீம்' ஆகிவிட்டன. கல்யாணப் பெண், காலேஜ் பையன், ஷேவ் பண்ணியபின் எரிச்சலுக்கு அப்பா, எல்லோரும் ஒரே ட்யூப். முதல் ஒரு மாதம் முகம் வெளுப்பாகப் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் வெங்காயச் சருகாக மெலியும், ரத்த நாளம் தெரியும், பருவாய்க் கொட்டும், பெண்களுக்கு முகத்தில் முடி முளைக்கும், வெயிலில் நின்றால் எரியும். பயந்துபோய் நிறுத்தினால் ஒரே நாளில் முகம் தக்காளி. மறுபடி தடவினால் அடங்கும். இதற்கு என்ன பெயர்? சாராயத்துக்கு என்றால் போதை என்கிறோம்.

கதை விடவில்லை. 12 இடங்களில் தோல் டாக்டர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. முகத்தில் பிரச்னை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் 257 பேருக்கு எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. கடைக்காரர், தோழி, பார்லர் அக்கா சொன்னதுதான். மீதி 176 பேருக்கு எழுதியது டாக்டர்கள். அதிலும் 78 சீட்டு தோல் டாக்டர் அல்லாதவர்கள் எழுதியது. சட்டென்று ஒரு கணக்குப் போட்டால் மிச்சம் 98 சீட்டு தோல் டாக்டர்களே எழுதியது என்று வரும். எழுதியது சரியாகவே இருந்தாலும், பத்து நாளைக்கு எழுதிய சீட்டை நம் ஆட்கள் ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்தி வருஷம் பூரா வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

ஸ்டீராய்டு என்றால் விஷம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கரப்பானுக்கும் காளாஞ்சகப்படைக்கும் தோல் டாக்டர் அதைத்தான் எழுதுவார், எழுதத்தான் வேண்டும். எந்த இடத்துக்கு எந்த பலம், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதைத்தான் அவர் மூன்று வருஷம் படித்திருக்கிறார். உள்ளங்கைக்குத் தருவதைக் கண் இமைக்குத் தரமாட்டார். கடைக்காரருக்கு உள்ளங்கையும் ஒன்று, இமையும் ஒன்று.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் அருமையாக இருக்கிறது! ஸ்டீராய்டு மாத்திரைகள் ரொம்ப காலமாகவே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'ஹெச்' பட்டியலில் உண்டு. மேலே பூசுகிற மருந்துக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் இத்தனை ட்யூப்பும் வெளியே வந்தது. தோல் டாக்டர்கள் சங்கம் இதற்காகவே தனிக் குழு வைத்துப் போராடி, மத்திய அரசு 2018 மார்ச் 23-ல் பூசும் ஸ்டீராய்டுகள் 14-ஐ 'ஹெச்' பட்டியலில் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், தேவையில்லாத கூட்டு மருந்துகள் 344-ஐ 2016 மார்ச்சில் அரசு தடை செய்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? டெல்லி உயர் நீதிமன்றம் போய் அதே டிசம்பரில் தடையை உடைத்தார்கள். உச்ச நீதிமன்றம் மறுபடி ஆராயச் சொல்லி, 2018 செப்டம்பரில் 328-க்குத் தடை வந்தது. அதில் தோலுக்கான ஸ்டீராய்டு கலவைகளும் உண்டு. ஒரு கலவை போனால் கொஞ்சம் மாற்றிய இன்னொரு கலவை வராதா என்ன?

உங்கள் வீட்டு ட்யூப்பை எடுத்துப் பாருங்கள். 'ஆர்.எக்ஸ்.' என்று சிவப்பில் இருக்கும். பதிவு பெற்ற மருத்துவர் சீட்டில் மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டம் கட்டி அச்சடித்திருக்கும். அந்த எச்சரிக்கையோடு சேர்த்துத்தான் அதை நம் கையில் கொடுக்கிறார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். உங்கள் ஆய்வாளர் ஒருவர் லுங்கியோடு பத்துக் கடை ஏறி இறங்கி, 'அரிப்புக்கு ஒண்ணு குடுங்கண்ணே' என்று கேட்கட்டும். எத்தனை கடையில் 'சீட்டு எங்கே?' என்று கேட்கிறார்கள் என்று எண்ணட்டும். ஒரே ஒரு சாயங்காலம் போதும்.

'நான் தராட்டி பக்கத்துக் கடைல வாங்கிக்குவான் சார்' என்பது கடைக்காரர்களின் நிரந்தர பதில். சாராயம் காய்ச்சியவனும் அதைத்தான் சொன்னான்.

பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா? 'வெண்புள்ளியா? கவலை வேண்டாம்! இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் டாக்டர் வருகை' என்று விளம்பரம் போட்டு எத்தனை வருஷம் பக்கத்தை நிரப்பியிருக்கிறோம்! 1954-லேயே மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வெண்புள்ளி அதில் இருக்கிறது. தொழுநோயும் இருக்கிறது. விளம்பரம் போட்டவருக்கும் அச்சடித்தவருக்கும் சட்டம் ஒன்றுதான். வெண்புள்ளி தொற்றாது, அதற்கும் குஷ்டத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆரம்பத்திலேயே வந்தால் மருந்து, ஒளி சிகிச்சை என்று இன்றைக்கு நிறைய வழி இருக்கிறது. லாட்ஜ் வைத்தியரிடம் இரண்டு வருஷத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவருக்கு அந்த வழிகள் ரொம்பச் சுருங்கிவிடுகின்றன.

தொழுநோய் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 'அது எப்பவோ ஒழிஞ்சு போச்சே சார்' என்பீர்கள். 2005 கடைசியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்ற கணக்கில், 'நாட்டளவில் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டோம்' என்று அறிவித்தோம். அந்த அறிவிப்போடு நம் ஞாபகத்திலிருந்து மட்டும் முழுசாக ஒழிந்தது. நோய் போகவில்லை. உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இன்னமும் இந்தியாவில்தான். 2023-ல் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல். ஆரம்பத்தில் அது எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு வெளிறிய தேமல். வலிக்காது, அரிக்காது. அரிக்காததால்தான் ஆபத்து. ஒரு பஞ்சை எடுத்து அதன்மேல் தொட்டால் தெரியாது. சூடு பட்டால் தெரியாது. அந்தத் தேமலுக்கும் 'ஒரு ட்யூப்' வாங்கித் தடவிக்கொண்டிருந்தால், அதற்குள் கீழே இருக்கும் நரம்பு போய், விரல் மடங்கிவிடும். ஆரம்பத்திலேயே போனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பைசா செலவில்லாமல். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடுகிறது. இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்றிருந்த சட்டப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியதே 2019-ல்தான் என்றால், அந்தத் தேமலோடு ஒரு பெண் ஏன் மருத்துவமனை வாசலுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று அக்கி. நம் பக்கத்தில் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்பவரிடம் போய்ச் செங்காவியில் எழுதிக்கொள்வது வழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், பாட்டி மனசு குளிரும். ஆனால் அது அம்மை போட்ட அதே வைரஸ், நரம்பில் பல வருஷம் ஒளிந்திருந்து வெளியே வருவது. கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் வைரஸ் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். காவி காய்ந்து உதிர்கிறவரை காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும். வயதானவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் மாசக் கணக்கில் தீயாய் எரியும் வலி தங்கிவிடலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணே போகலாம். அன்றைக்கே ஓட வேண்டும்.

அதேபோல, ஏதோ மாத்திரை சாப்பிட்ட சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலோடு உடம்பு சிவந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்து, தோல் கொப்புளித்தால் ஓ.பி. டோக்கனுக்கெல்லாம் நிற்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். உயிர் சமாசாரம். மற்றதுக்கெல்லாம் அத்தனை அவசரமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போகாத அரிப்பு, ராத்திரியானால் வீடே சொறிவது (சிரங்குப் பூச்சி, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடாவிட்டால் போகாது), ஆறாத புண், உள்ளங்காலிலோ நகத்துக்கடியிலோ புதிதாக வந்து பெரிதாகும் கறுப்பு, இதெல்லாம் தோல் டாக்டர் பார்க்க வேண்டியவை. பையன் கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறது என்று அம்மா சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். அது அழுக்கில்லை அம்மா. பல சமயம் சர்க்கரை வரப்போகிறது என்று உடம்பு அனுப்பும் நோட்டீஸ். அதைப் படிக்கத் தெரிந்தவர் தோல் டாக்டர்.

இத்தனையும் சொல்லிவிட்டு, தோல் டாக்டர்களைச் சும்மா விடமுடியுமா? ஊர் ஊருக்கு லேசர் மிஷின் இறங்குகிற வேகத்தில் பேட்ச் டெஸ்ட் இறங்கவில்லை. கடன் வாங்கி மிஷின் போட்டவர், கொத்தனார் கைக்கு அரைமணி நேரம் செலவழிப்பாரா, ஐந்து சிட்டிங் பேக்கேஜ் விற்பாரா? அதைவிட மோசம், டாக்டரே இல்லாமல் அந்தத் தொழிலில் நுழைந்துவிட்டவர்கள். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் செத்தே போனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் லைசென்ஸ். அவர் இரண்டு மாசம் பேப்பரில் வந்தார், அப்புறம் மறந்துவிட்டோம்.

தோல் ஷாப் விஷயத்துக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கு. ஆனால் அபராதம் விழுந்த ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. தொழிற்சாலைக்கு 10,000 ரூபாய். அது பாழான தண்ணீருக்கும் நிலத்துக்குமான வழக்கு. பாழான கைகளுக்கு? சட்டம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே குரோமியப் புண்ணும் ரசாயனத்தால் வரும் தோல் அழற்சியும் 'அறிவிக்க வேண்டிய நோய்கள்' பட்டியலில் இடம்பெற்றன. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கிற டாக்டர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இப்போதைய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. எழுதினால் என்ன ஆகும்? கையுறை வரும், வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், நஷ்டஈடு கேட்க ஒரு காகிதம் கிடைக்கும். மெடிக்கல் ஷாப் ட்யூப்பில் இது எதுவும் கிடையாது. அரிப்பு அடங்கும், ஆள் மறுநாள் அதே தொட்டியில் கை வைப்பார். ஏற்றுமதியாகிற ஆட்டுத்தோலுக்கு எத்தனை பரிசோதனை! அதைத் தேய்க்கிற கையின் தோலுக்கு ஒன்றும் கிடையாது.

திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும் என்ற சாக்கு இனி செல்லாது. அந்தக் கல்லூரியின் தோல் பிரிவு வாரத்தில் ஒரு நாள் வேலையால் வரும் தோல் நோய்க்கென்று ஒதுக்கலாம். தோல் ஷாப், முலாம் பட்டறை, கட்டட வேலை, பூந்தோட்டம் என்று வருகிறவர்களை அன்றைக்குப் பார்க்கலாம், பேட்ச் டெஸ்ட் வைக்கலாம், ஆய்வுத் துறைக்கு எழுதலாம். வாசலில் இருக்கும் போர்டில் 'தோல் பிரிவு' என்று மட்டும் எழுதினால் பாதிக் கூச்சம் போய்விடும். உள்ளே எந்த நோயைப் பார்க்கிறார்கள் என்பது டாக்டருக்குத் தெரிந்தால் போதாதா?

போகிறவர்களுக்கு ஒன்று. போவதற்கு முந்தின நாள் எதையும் தடவிக்கொண்டு போகாதீர்கள். மஞ்சள், வேப்பிலை, பவுடர் எதுவும் வேண்டாம், டாக்டருக்குத் தோல் தெரியவேண்டும். நீங்கள் மாசக் கணக்கில் ட்யூப் போட்டவராக இருந்தால் அதை மறைக்காதீர்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், எப்படி விடுவது என்று அவர் சொல்லுவார். வீட்டில் இருக்கும் எல்லா ட்யூப்பையும், நசுக்கித் தூக்கிப்போட்ட காலி ட்யூப் கிடைத்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜைமேல் கொட்டுங்கள். அப்புறம் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.